கோட்டுக்கு வராத கிணறு

மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு பழைய பங்களாவில் தென்மண்டலப் பொருளியல் அளவை நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்காவது தெரிந்திருக்கும் என்று தெருவில் உள்ளவர்கள் நினைத்தார்கள். தெருவில் உள்ளவர்கள் எப்போதுமே கொஞ்சம் வெள்ளந்திகள்.

உள்ளே நடந்தது இதுதான். கட்டம் போட்ட தாளில் புள்ளிகள் வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் ஊரில் ஒரு மனிதன், அல்லது அவன் மாடு, அல்லது அவன் வயல். புள்ளிகள் தரையில் கொட்டிய உளுந்து மாதிரி இறைந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு நேர்கோடு இழுப்பார்கள். ஒரு புள்ளிகூட அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்காது. ஆனாலும் கோடுதான் உண்மை, புள்ளிகள் எல்லாம் அதிலிருந்து வழுவியவை என்பது நிலையத்தின் கொள்கை. புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையில் இருக்கிற தூரத்துக்குப் பிழை என்று பெயர். பிழை கோட்டின் மேல் இருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பங்களாவில் யாருக்கும் வந்ததில்லை. இந்த மொத்தக் காரியத்துக்கும் ரிக்ரெஷன் என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் தொடர்புப் போக்கு. பால் ஊற்றுகிற ஆள் மட்டும் 'கோடு போடுற ஆபீஸ்' என்று சரியாகச் சொன்னான்.

இயக்குநர் டாக்டர் அனந்தராமன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊசி போடுகிற டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்றாவது கேட்பார். இவர் அமெரிக்காவில் நான்கு குளிர்காலம் கழித்துவிட்டு வந்தவர். கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. புள்ளிகளின் கணக்கைத் துளைகளாகக் குத்திய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அனுப்புவார்கள். விடை மடிப்பு மடிப்பாக நீளத் தாளில் அச்சாகித் திரும்பி வரும். அதை மேசையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டிய பிறகுதான் பிரிப்பார்கள். பிரிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

நிலையத்தின் பழைய சாதனைகளையும் சொல்லிவிட வேண்டும். அலங்காநல்லூர்ப் பக்கம் மாட்டு டாக்டர் அடிக்கடி போன கிராமங்களில் மாடுகள் அதிகமாகச் செத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, மாட்டு டாக்டர்களை அங்கிருந்து எடுக்கச் சொன்னது இந்த நிலையம்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில்தான் வெயில் அதிகம் என்று நிரூபித்து, திருவிழாவை மார்கழிக்கு மாற்றினால் மாவட்டம் குளிரும் என்று எழுதியதும் இதே நிலையம்தான். முதலாவதை அரசாங்கம் ஏற்றது. இரண்டாவதைப் பற்றி அழகரிடம் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

எண்பத்திரண்டில் நிலையம் கிணறுகளைப் பிடித்தது. மழை பொய்த்துக் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்த வருடம் அது. ஏன் வற்றுகின்றன என்று ஆராய்ந்து சொல்லும்படி அரசாங்கம் கேட்டது. மழை பெய்யவில்லை என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருக்கலாம். அதற்கு டாக்டர் பட்டமும் ஜீப்பும் தேவையில்லை என்பதால் நிலையம் அப்படி எழுதவில்லை.

ஜீப் புறப்பட்டது. ஊருக்கு ஒரு கிணறு என்று பொறுக்கினார்கள். ஜீப் எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்துக் கிணறுதான் அந்த ஊருக்கான கிணறு. இதற்குப் பாரபட்சமற்ற தேர்வு என்று பெயர். கேள்விகள் இரண்டே இரண்டு. ஐந்து வருடத்துக்குள் கிணற்றை எத்தனை தடவை ஆழப்படுத்தினீர்கள்? இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? ஏன் ஆழப்படுத்தினீர்கள் என்ற கேள்வி கிடையாது. அதைச் சேர்த்தால் தாள் பெரிதாகிவிடும் என்று டாக்டர் அடித்துவிட்டார்.

வெள்ளாமை பார்க்கிற அந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்குப் பொழுது போகவில்லை என்று கிணறு வெட்டுகிற பழக்கம் இல்லை. கண்மாய்க்கரையில் கிணறு வைத்திருப்பவன் குனிந்து தண்ணீர் மொள்ளுவான். அவன் கடப்பாரையைத் தொடமாட்டான். மேட்டாங்காட்டில் கிணறு வைத்திருப்பவன்தான் தண்ணீர் கீழே போகப் போக, பாறைக்கு வேட்டு வைத்து, அதன் பின்னாலேயே ஓடுவான். ஆகவே வெட்டிய கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம், வெட்டாத கிணறுகளில் தண்ணீர் அதிகம். இந்தப் புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டால் அது எந்தப் பக்கம் சாயும்? கீழ்ப்பக்கம்தான் சாய்ந்தது. சூடம் காட்டித் தாளைப் பிரித்தார்கள். 'கிணற்றை ஒருமுறை ஆழப்படுத்தினால் தண்ணீர் ஏழடி குறைகிறது. இது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி' என்று அறிக்கை போயிற்று. அரசாங்கம் பதறிப்போய், மாவட்டத்தில் எவனும் கிணற்றை ஆழப்படுத்தக் கூடாது, நிலையம் சம்மதித்தாலொழிய வெட்டுக்கு வெடிமருந்து தரக் கூடாது என்று உத்தரவு போட்டது.

டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே நெடுங்கரடு என்ற ஊரில் பேயாண்டி என்பவனுக்கு அரை ஏக்கரில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஜீப் அவன் தோட்டத்து ஓரமாக நின்றதால் அவன்தான் அந்த ஊருக்கான புள்ளி. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொல்லி அனுப்பினான். அதனால் என்ன ஆகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

மறுவருடம் பங்குனியில் அவன் கிணறு அடி கண்டது. காலையில் மோட்டாரைப் போட்டால் பாத்தி நனைவதற்குள் காற்றை இறைத்தது. மல்லிகை ஒரு தடவை வேர் காய்ந்தால் மறுபடி துளிர்க்காது. பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பேயாண்டியும் அவன் மனைவி அன்னக்கொடியும் அந்தச் செடிகளைக் குடம் சுமந்து வளர்த்தவர்கள். கிணறு வெட்டுகிற சோணை ஆட்களோடு வந்து இறங்கி, கயிறு கட்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தான்.

"மாப்ள, கீழ்பக்கம் பாறை ஈரமா இருக்கு. ஊத்து அங்கனதான் கெடக்கு. ஒரு வேட்டு வச்சா ஒடச்சுக்கிட்டு வந்துரும். வெடித் தோட்டாவுக்கு மட்டும் எழுதி வாங்கிட்டு வா, நாளைக்கே எறங்கிருவோம்."

பேயாண்டி தாலுகா ஆபீசுக்குப் போனான். அவர்கள் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். கல்லுப்பட்டியில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

அங்கே புள்ளிவிவர அதிகாரி சுப்பராமன் இருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட நிலையங்களை நடத்த முடியாது. அவர் பேயாண்டியின் ஊரைக் கேட்டுவிட்டு, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த கட்டத்தாளுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"இதான் நீங்க."

பேயாண்டி குனிந்து பார்த்தான். "இம்புட்டூண்டா இருக்கேனே, சாமி."

"எல்லாரும் அதே சைஸ்தான். ஆனா நீங்க கோட்டுக்கு ரொம்பக் கீழே இருக்கீங்க. ஏற்கனவே ரெண்டு தடவை கிணறு வெட்டியிருக்கீங்க. அதான் தண்ணி இல்லை. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு உறுதின்னு அறிக்கையிலயே போட்டிருக்கு."

"தண்ணி இல்லாமப் போனதாலதான சாமி வெட்டுனேன்?"

சுப்பராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அதை டைரக்டர்கிட்ட சொல்லிப் பாருங்க," என்றார். அவர் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருக்குக் குடும்பம் இருந்தது.

டாக்டர் அனந்தராமன் பேயாண்டியை உட்காரச் சொன்னார். ஒரு புள்ளி தானாக நடந்து வந்து எதிரில் உட்கார்ந்ததை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டார். பேயாண்டி தண்ணீர் வற்றியதையும், அதனால் வெட்டியதையும், இப்போது வெட்டாவிட்டால் மல்லிகை போய்விடும் என்பதையும் மூன்று தடவை சொன்னான்.

"பாருங்க பேயாண்டி," என்றார் டாக்டர், "எது முதல்ல நடந்தது, எது பின்னால நடந்ததுங்கறதெல்லாம் உங்க அனுபவம். அனுபவத்துக்கு நான் மரியாதை கொடுக்கறேன். ஆனா எங்க சமன்பாட்டுல முதல், பின்னாடிங்கற பேச்சே கிடையாது. இந்தப் பக்கம் வெட்டு இருக்கு, அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கு, நடுவுல சமக்குறி. அவ்வளவுதான்."

"மழை பேயலையே ஐயா. ரெண்டு வருசமா ஒரு பொட்டு இல்ல. அதச் சேத்தீகளா?"

"சேர்த்தோமே!" டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மழையைச் சேர்த்துப் பார்த்தோம். சேர்த்ததும் வெட்டுக்கு இருந்த முக்கியத்துவமே போயிடறது. எல்லாத்தையும் மழையே தின்னுடறது. அப்புறம் அறிக்கையில எழுத என்ன மிஞ்சும்? அதனால மழையை எடுத்துட்டோம். இப்ப கோடு அழகா நிக்கறது. வெட்டினா தண்ணி குறையும். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்."

"மத்தது எதுய்யா மாறாம இருக்கு?"

"இருக்குன்னு நாங்க சொல்லலை. இருந்தால்னு சொல்றோம். அந்த 'இருந்தால்' வந்துட்டா, அப்புறம் எங்க பேர்ல எந்தப் பொறுப்பும் கிடையாது."

பேயாண்டிக்குத் தொண்ணூற்றைந்து உறுதி என்று அறிக்கையில் போட்டிருப்பதாகச் சுப்பராமன் சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசியாக அதைப் பிடித்துக்கொண்டான்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுன்னா மிச்சம் அஞ்சு இருக்குல்லய்யா? நான் அந்த அஞ்சுக்குள்ள கெடக்கேன்னு வச்சுக்கிறுங்களேன். தோட்டாவுக்கு மட்டும் ஒரு கையெழுத்து."

"அது அப்படி இல்லை," என்றார் டாக்டர். அது எப்படி என்று சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டத்துக்குள் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நிலையத்துக்குள் யோசனை பிறக்கிற நேரம் அது என்று தெரிந்து, சுப்பராமன் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சுப்பராமன், வெட்டினா தண்ணி குறையறது. அப்ப வெட்டுக்கு எதிர்மறை என்ன?"

"சார்... தூர்க்கிறது."

"தூர்த்தா?"

சுப்பராமன் கோட்டை எதிர்ப்பக்கமாக நீட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இதுவரை எவனும் தண்ணீருக்காகக் கிணற்றை மூடியதில்லை. ஆனால் கோடு யார் தயவுமின்றி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. "ஏழடி ஏறணும் சார்," என்றார்.

தோட்டாவுக்குக் கையெழுத்துக் கேட்கப் போனவன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான். மாவட்டத்தின் முதல் கிணறு தூர்ப்புப் பரிசோதனை பேயாண்டியின் கிணற்றில் நடக்கும் என்று அங்கேயே முடிவாயிற்று. தண்ணீர் வராவிட்டால் நிலையமே முன்னின்று வெட்டித் தரும் என்று டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்தார். நீட்டிய தாளின் அடியில் பேயாண்டி பெருவிரலை வைத்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை மேசை, அத்தனை கண்ணாடிச் சட்டம், அத்தனை பேர் தலையை ஆட்டுகிறார்கள். ஒரு நிமிஷம் அவனுக்கே நம் கண்தான் பிசகோ என்று தோன்றிவிட்டது.

அன்னக்கொடிக்கு அப்படித் தோன்றவில்லை.

"கெணத்த மூடுனா தண்ணி வருமாம்ல. வாய மூடுனா சோறு எறங்குமான்னு கேக்க வேண்டியதுதான?"

"படிச்ச ஆளுக சொல்றாக, அன்னம். அமெரிக்கா வரைக்கும் போய்ட்டு வந்தவரு."

"அமெரிக்காக்காரன் நம்ம கெணத்துலயா குளிச்சான்?"

லாரிகள் வந்தன. பந்தல் போட்டு, மேளம் வைத்து, மைக் செட்டு கட்டினார்கள். டாக்டர் முதல் கூடை மண்ணைக் கொட்டினார். போட்டோ சரியாக விழவில்லை என்று இரண்டாவது கூடையையும் அவரே கொட்டினார். அன்னக்கொடி கிணற்று மேட்டில் நின்று, "அய்யா, அடியில கொஞ்சம் கெடக்கே, அதையாவது மொண்டுக்கிறேன்யா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாறை இடுக்கில் தேங்கிக் கிடந்த அந்தக் கொஞ்சம் தண்ணீர் மண்ணைக் குடித்துச் சேறாகி, பிறகு சேறும் மேலே விழுந்த மண்ணுக்குள் மறைந்தது. மேளக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் கல்யாண வாசிப்பே வாசித்தார்கள்.

மூன்றாம் நாள் ஜீப்பில் வந்து அளந்தார்கள். தண்ணீர் இல்லை. பத்து நாள் கழித்து வந்தார்கள். அப்போதும் இல்லை.

"இதுக்கு டைம் லேக்னு பேர்," என்றார் டாக்டர். "காரணம் இன்னிக்கு, காரியம் அப்புறம். பொறுக்கணும்."

"செடி பொறுக்காதேய்யா," என்றான் பேயாண்டி.

"செடி எங்க ஆய்வு எல்லைக்குள்ள இல்லை."

பேயாண்டி மண்வெட்டியோடு கிணற்றுக்குள் இறங்கி மண்ணை அள்ளிவிடுவானோ என்று நிலையத்துக்குச் சந்தேகம் வந்தது. அள்ளினால் பரிசோதனை கெட்டுவிடும். அதனால் முத்திருளன் என்கிற ஆளைக் காவலுக்குப் போட்டார்கள். காக்கிச் சட்டை, விசில், ஒரு ஸ்டூல். தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு மாதச் சம்பளத்தில் காவல். பேயாண்டி கிணற்றுப் பக்கம் வந்தால் முத்திருளன் விசில் ஊதுவான். ஊதி முடித்ததும் தாகமாக இருக்கும்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாத. ஏஞ் சோலிய நான் பாக்கேன். ஒரு செம்பு தண்ணி குடு."

அன்னக்கொடி ஊர்க்கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து செடிக்கு ஊற்றினாள். அதில் ஒரு செம்பு நாள்தோறும் அரசாங்கக் காவலுக்குப் போயிற்று. சித்திரை வெயிலில் முதலில் கிழக்கு ஓரம் பழுத்தது. பிறகு இலை சுருண்டது. வைகாசியில் ஒடித்தால் சுள்ளி மாதிரிச் சத்தம் கேட்டது. பூ எடுக்க விடியலில் எழுந்து பழகிய உடம்பு. வேலை இல்லாமலும் அந்த நேரத்துக்கு அவளுக்கு விழிப்புத் தட்டியது. எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

பேயாண்டி காய்ந்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனான். செருப்பைக் கழற்றச் சொன்னவர்கள் செடியையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். சுப்பராமன் அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"பேயாண்டி, இனிமே நீங்க கவலைப்பட வேண்டாம். உங்களை எடுத்துட்டோம்."

"எங்கயிருந்து சாமி?"

"கணக்கிலிருந்து. நீங்க விலகிய புள்ளி. கோட்டுக்கு வரவே மாட்டேங்கறீங்க. உங்களை எடுத்ததும் பொருத்தம் எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா? டைரக்டருக்கு ரொம்பச் சந்தோஷம்."

பேயாண்டி சட்டத்துக்குள் பார்த்தான். அவன் இருந்த இடத்தை வெள்ளை மை தடவி மறைத்திருந்தார்கள்.

"என்னைய எடுத்துட்டீகன்னா கெணறு என்னாச்சு? வெட்டித் தாரேன்னாரே?"

"தண்ணி வரலைன்னாத்தானே வெட்டித் தரணும்? வரலைங்கற கேஸே இப்ப கணக்குல இல்லையே." சொல்லிவிட்டு சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். அந்த வெட்கத்தால் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஐப்பசியில் வானம் பிளந்துகொண்டது. கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று. மாவட்டத்தில் உள்ள கிணறுகளெல்லாம் வாய் வரைக்கும் ததும்பின. பேயாண்டியின் கிணறும் ததும்பியது, மண் போக மீதி இருந்த பள்ளத்தில். முத்திருளன் விசில் ஊதிக்கொண்டே போய் டி. கல்லுப்பட்டியிலிருந்து போன் பண்ணினான். அன்று மாலையே பேயாண்டியின் புள்ளியை மறுபடி கணக்கில் சேர்த்தார்கள். சுப்பராமனே வெள்ளை மையைச் சுரண்டினார்.

விழா நடந்தது. கிணற்று மேட்டில் ஒரு கல் நட்டார்கள். தோட்டம் பூராவும் கருகிய குச்சிகள். அவற்றின் மேல் நாற்காலிகளைப் போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். டாக்டர் அனந்தராமன் பேசினார்.

"தூர்த்தோம், தண்ணீர் வந்தது. இதைவிட எளிமையாக அறிவியலைச் சொல்ல முடியாது. மழை பெய்ததால்தான் வந்தது என்று பாமர மக்கள் சிலர் பேசுவதாக அறிகிறேன். மழை எங்கள் சமன்பாட்டில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் தோட்டம் காய்ந்திருக்கிறதே என்று கேட்பார்கள். நாங்கள் தோட்டத்தை ஆராயவில்லை, கிணற்றை ஆராய்ந்தோம். இரண்டையும் சேர்த்து ஆராய்ந்திருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்காது."

கைதட்டல் ஓய்வதற்குள் அன்னக்கொடி எழுந்துவிட்டாள்.

"சுத்துப்பட்டு ஊர் அம்புட்டுலயுந்தான்யா தண்ணி கெடக்கு! மூடாத கெணத்துல கெடக்கா இல்லையான்னு போய்ப் பாத்தீகளா?"

"பார்க்கவில்லை அம்மா," என்றார் டாக்டர், மைக்கிலேயே. "பார்த்தால் ஒப்பிட வேண்டிவரும்."

அதற்கும் கைதட்டினார்கள். அன்னக்கொடி ஒரு பிடி மண்ணை அள்ளி மேடைப் பக்கம் வீசினாள். அது டாக்டர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கிணற்றில் விழுந்தது. தூர்ப்புப் பணியில் மக்களும் ஆர்வமாகப் பங்குகொண்டார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

விழாவோடு முத்திருளனுக்கு வேலை போயிற்று. கிணற்றைத் தொட வழியில்லாமல் ஆயிற்று. கல் நட்ட கிணறு, வரலாற்றுச் சின்னம். மண்ணை அள்ளினால் ஜெயில் என்று கல்லிலேயே பொறித்திருந்தது. புதிதாகச் செடி நட்டு அது பூக்கும்வரை காத்திருக்க இருவரிடமும் தெம்பில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வந்தார்கள். பேயாண்டி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கினான். அன்னக்கொடி ஒரு கடை ஓரமாக உட்கார்ந்து, யார் தோட்டத்துப் பூவையோ தொடுத்துக் கொடுத்தாள். கை மட்டும் பழைய வேகத்திலேயே ஓடியது.

ஒரு வருடம் போயிருக்கும். பேன்ட் போட்ட ஓர் இளைஞன் கையில் அட்டையோடு மார்க்கெட்டுக்குள் வந்தான். கிணறு தூர்ப்புக்குப் பிறகு மக்கள் வாழ்வு எப்படி முன்னேறியிருக்கிறது என்று நிலையம் ஆராய்கிறதாம். பேயாண்டியின் பெயரைக் கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது? முன்னாடி தினமும் கையில காசு பார்த்தீங்களா?"

"பூ இருந்தாப் பாப்போம். இல்லைன்னா இல்ல."

"இப்ப?"

"தெனக்கூலி. தெனமும் உண்டு."

இளைஞன் சந்தோஷமாக எழுதினான். கிணறு மூடிய பிறகு வருமானம் சீராகியிருக்கிறது. டாக்டர் எதிர்பார்த்ததும் இதுதான் என்றான். இந்த விடை வந்துவிட்டால் மாவட்டத்தில் மிச்சமிருக்கிற மேட்டாங்காட்டுக் கிணறுகளையும் தூர்த்துவிடலாம். ஊர் ஊராகப் பட்டியல் எடுக்கிறார்கள். ஜீப்புக்கு டீசல் இல்லாததால் இங்கேயே விசாரித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"உங்க நெடுங்கரட்டுல இன்னும் தூர்க்காத கிணறு எத்தனை இருக்கு? யார் யாருது?"

பேயாண்டிக்குத் தோளில் இருந்த மூட்டை கனத்தது. சோணையின் மச்சான் கிணறு இருக்கிறது. கிழக்கே நல்லகாமன் கிணறு இருக்கிறது. அவன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கிணற்று மல்லிகையைத்தான் நம்பியிருக்கிறான். மேற்கே இன்னும் நாலைந்து. எல்லாம் ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரியாத கிணறுகள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இளைஞனின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எங்க ஊர்ல கெணறே கெடையாது தம்பி. இருந்தது ஏங் கெணறு ஒண்ணுதான். அத நீங்க மூடிட்டீக."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

இளைஞனுக்கு ஒரு ஊர் வேலை மிச்சம். சுழியம் போட்டுவிட்டு, அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனான். அந்த ஊருக்கு அதற்குப் பிறகு லாரியும் வரவில்லை, மேளமும் வரவில்லை.

அன்னக்கொடி பூத்தொடுக்கிற நாரை வாயில் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் போன பிறகு நாரை எடுத்தாள்.

"இம்புட்டு நல்லாப் பொய் சொல்ல வருதுல்ல. அன்னைக்கு மோரக் குடுத்துட்டு, கெணறு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

கல்லுப்பட்டிப் பக்கத்து வண்டி வந்து நின்றிருந்தது. பேயாண்டி மூட்டை இறக்கப் போனான்.